வெளியூர்ப் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறவர்களுக்கு

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஆஸ்பத்திரித் துணைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, டாக்டர்ட்ட நான் என்ன சொல்லணும்?" என்றுதான். ஒண்ணும் சொல்ல வேண்டாம் என்பேன். முகம் சுருங்கிவிடும். உதவ வந்தவளை வாயைப் பொத்தச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இத்தனை வருஷத்தில் நான் செய்த தப்புகளில் முக்கால்வாசி, நோயாளி பேச வேண்டிய இடத்தில் நான் பேசியதால் வந்தவை. மீதி, அவள் புருஷனைப் பேச விட்டதால் வந்தவை.

தன்னார்வலர்கள், புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரக்கப்பட்டுக் கூடப் போகிறவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். வரிசைப்படி சொல்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் எதுவும் வரிசைப்படி நடக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

யார் வருகிறார்கள்

மண்டபம் முகாம், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலியாட்களைத் தங்கவைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்துக் கப்பலேற்றக் கட்டிய இடம். அந்த ஆட்கள் போன வழியிலேயே பிற்பாடு மனிதர்கள் திரும்பி வந்தார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் ஒரு பக்கம். 2022இல் அங்கே விலைவாசி தலைக்கு மேல் போனபோது தனுஷ்கோடி மணல் திட்டில் கைக்குழந்தையோடு இறங்கியவர்கள் இன்னொரு பக்கம். அரசாங்கம் 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது. ஊர்வாயில் இன்னும் 'கேம்ப்'தான்.

இரண்டாவது கூட்டம் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து கட்டடம், லாட்ஜ், ஓட்டல், இறால் பண்ணை என்று வேலைக்கு வந்தவர்கள். ஆண்கள் தனியாக வந்த காலம் போய், இப்போது மனைவியையும் கூட்டி வருகிறார்கள். மூன்றாவது, நம்முடைய ஆட்களே: கரிமூட்டம் போடவும் உப்பளத்துக்கும் குடும்பத்தோடு இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள். மாவட்டத்துக்குள்தானே என்று இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆறு மாதத்தில் மூன்று ஊர் மாறினால் எந்த நர்சம்மாவின் பதிவேட்டிலும் பெயர் நிற்காது.

நான்காவது கொஞ்சம் வேறு மாதிரி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஊர் விட்டுப் போனது புருஷன், ஆஸ்பத்திரிக்கு வருவது இங்கே இருக்கும் மனைவி. முடிவு மட்டும் வளைகுடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும். அது பற்றிப் பின்னால்.

முந்தின நாள் வேலை

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் முதன்முதலாக அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாதி வேலை கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். உட்காருங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள்.

நாள் குறிப்பதுதான் முதல் காரியம். என் அம்மா பாசி அரிக்கப் போனவள். கடல் வற்றுகிற நாளில் ஆஸ்பத்திரிக்கு வா என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டாள். மரிக்கொழுந்துப் பாசி அவளுக்காகக் காத்துக்கிடக்காது அல்லவா? விரலில் துணி சுற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள். கரையில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டாள். பிறகு ராத்திரி முழுக்க மூத்திரக் கடுப்பு. "சூடு" என்று சொல்லி வெந்தயத்தை விழுங்குவாள். உப்பளத்துப் பெண்களுக்கும் கட்டட வேலைக்குப் போகும் ஒடிசாப் பெண்களுக்கும் இதே கதைதான். ஆகவே முதல் கேள்வியாக நோயைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் போகிறாள், எங்கே ஒதுங்குகிறாள், தண்ணீர் குடிக்கிறாளா, ஒரு நாள் லீவு போட்டால் மேஸ்திரி எவ்வளவு பிடிப்பார். இதற்கான பதிலில் பாதி நோய் வெளியே வந்துவிடும்.

பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. அந்தக் கூட்டத்தில் வேறு நோய்க்குக் கூட்டிப்போனால் கால் கடுக்க நிற்பீர்கள். வேறு நாள் பாருங்கள்.

பிறகு காகிதங்கள். பழைய சீட்டு, ஸ்கேன், காலி மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில். காலி அட்டையைக் குப்பையில் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அதில் இருக்கும் பெயர்தான் அவள் என்ன சாப்பிட்டாள் என்பதற்குச் சாட்சி. 'வெள்ளை மாத்திரை, சின்னது' என்பதை வைத்து எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆதார் இல்லை, முகாம் அட்டை இன்னும் வரவில்லை என்று பயந்து வீட்டிலேயே கிடப்பவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவரை எந்த ஆஸ்பத்திரியும், தனியாரே ஆனாலும், திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. சாலையில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. எந்த மாநிலத்துக்காரர், எந்த நாட்டுக்காரர் என்று அதில் பார்ப்பதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாமில் இருப்பவர்கள் வருமான வரம்பு இல்லாமலே சேரலாம். வெளிமாநிலத்தவரும் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே குடியிருந்ததற்கு உரிய சான்று காட்டினால் சேரலாம். நோய் வந்த பிறகு அலைவதைவிட, உடம்பு நன்றாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்து வைப்பது நல்லது.

கடைசியாக, யார் கூட வரப்போகிறார்கள் என்று கேளுங்கள். புருஷன் வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த முறை அந்தப் பெண் வரவே மாட்டாள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சீட்டுப் போடும் வரிசையில் நிற்பது, குழந்தையை வைத்துக்கொள்வது, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்கி வருவது. அவருக்கும் பொறுப்பாக இருக்கிறோம் என்ற நிறைவு. உள்ளே அவளுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கும்.

ஒரே தமிழ்தான், ஆனால்

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு மொழிப் பிரச்சினை இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன்.

முகாமில் இருந்து ஒரு பெண்ணைக் கூட்டிப்போயிருந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மார்பில் கட்டி. டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன். "வேற யாருக்கும் வீட்டுல இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். "ஓம், அம்மாவுக்கும் இதே வருத்தம்தான். அதிலதான் மோசம் போனவ" என்றாள். டாக்டர் தலையை ஆட்டினார். "கவலைப்படாதீங்க, அம்மாவ தைரியமா இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒரு நொடி எட்டவில்லை.

அங்கே வருத்தம் என்றால் நோய். மோசம் போவது என்றால் சாவது. அம்மா இதே நோயில் செத்துப்போனாள் என்று அவள் சொன்னதை, அம்மா மனசு சரியில்லாமல் யாரிடமோ ஏமாந்துவிட்டாள் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மார்புக் கட்டியில் அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு எடை என்று யோசித்துப் பாருங்கள். நான் குறுக்கே புகுந்து விளக்கிய பிறகுதான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உடனே மேல் பரிசோதனைக்கு எழுதினார்.

அதிலிருந்து ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். மாத்திரையை அவர்கள் குளிசை என்பார்கள். வாந்தி சத்தி. வலி நோ: வயித்து நோ, இடுப்பு நோ. தலைவலி தலையிடி. சளி பிடித்தால் தடிமன். சர்க்கரை நோய்க்குச் சீனி வருத்தம், வயசானவர்கள் வாயில் சலரோகம். காய்ச்சலுக்குப் பனடோல் இருக்கிறதா என்று கேட்டால் பாரசிட்டமால் கேட்கிறார்கள். 'புரிஞ்சுதா?' என்பதைவிட 'விளங்குதா?' என்று கேட்டுப் பாருங்கள், முகம் இளகும்.

இந்திக்காரர்களிடம் வேறு விபத்து. கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண், ஐந்து மாதக் கர்ப்பம், "சக்கர், சக்கர்" என்று தலையைத் தொட்டுக் காட்டினாள். இவளுக்குச் சர்க்கரை இருக்கிறதாம் என்று எழுதிச் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தார்கள். நார்மல். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துச் சாரத்துக்கு அடியில் மயங்கி விழுந்தாள். 'சக்கர்' என்றால் தலைச்சுற்றல். ஹீமோகுளோபின் பார்த்தபோது ஏழுக்கும் கீழே. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை, ஏழுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஆகவே சக்கர் தலைச்சுற்றல், கம்ஸோரி அசதி, ஸஃபேத் பானீ வெள்ளைப்படுதல், மஹீனா மாதவிலக்கு, கப் ஸே எப்போதிருந்து. இந்த ஐந்தையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நம்மூர்ப் பெண்களும் நேராகச் சொல்லிவிடுவதில்லை. 'தலைக்குக் குளிக்கல' என்றால் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது. 'முழுகாம இருக்கேன்' என்றால் கர்ப்பம். வெளியூரிலிருந்து பணிக்கு வந்த டாக்டர் இதைக் கேட்டு, தலைக்குக் குளிக்காததற்கும் வயிற்று வலிக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்ததைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர் சென்னையில் படித்தவர்.

குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். முகாமிலும் சரி, ஒடிசாக் குடும்பங்களிலும் சரி, பள்ளிக்கூடம் போகிற பத்து வயசுப் பிள்ளைக்குத்தான் இரண்டு பக்கத்துப் பேச்சும் தெரியும். அம்மாவின் ரத்தப்போக்கைப் பற்றி அந்தப் பையன் வாயால் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றால், அம்மா வலியே இல்லை என்று சொல்லிவிடுவாள். மேஸ்திரியும் வேண்டாம். அவர் வாயில் எல்லா நோயும் 'சின்ன காய்ச்சல், நாளைக்கு வேலைக்கு வந்துருவா' என்று ஆகிவிடும். வேறு வழியே இல்லாவிட்டால் போனில் ஒரு பெண்ணைப் பிடியுங்கள். அவள் ஊரைச் சேர்ந்தவளாக இருக்கலாம், அடுத்த தெருவில் இருக்க வேண்டாம்.

சீட்டு போடும் இடம்

ஓபி சீட்டில் பெயர், வயது, போன் நம்பர் கேட்பார்கள். பெயரை அவளே சொல்லட்டும். போன் நம்பரில் நில்லுங்கள். 'யாரு நம்பர்ம்மா இது?' என்று காதோடு கேளுங்கள். புருஷன் நம்பராக இருக்கும், சில சமயம் மேஸ்திரி நம்பராக இருக்கும். பரிசோதனை முடிவைச் சொல்லக் கூப்பிட்டால் அந்த போன்தான் அடிக்கும். கர்ப்பப் பரிசோதனையோ, எச்ஐவி பரிசோதனையோ, அது முதலில் யார் காதில் விழ வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். கையில் போன் இல்லாவிட்டால், 'இன்ன தேதிக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்' என்று எழுதச் சொல்லலாம்.

திருநங்கை யாராவது வந்தால், சீட்டில் எந்தப் பெயர், எந்த வரிசை என்று அவரையே கேளுங்கள். பின்னால் நிற்பவர்களைக் கேட்காதீர்கள்.

அறைக்குள்

கதவு, திரை. உள்ளே நுழைந்ததும் இந்த இரண்டையும் பாருங்கள். கூட்டம் முண்டியடிக்கும்போது அடுத்த நாலு பேர் தலையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். 'கொஞ்சம் வெளியே நில்லுங்கம்மா' என்று நீங்கள் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. ஆண் டாக்டர் பெண் நோயாளியை உடலைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது நோயாளர் உரிமைப் பட்டயத்தில் இருக்கிறது. கீழக்கரைப் பக்கம் பல பெண்கள் லேடி டாக்டர் இருந்தால்தான் வருவேன் என்பார்கள். அதைப் பிடிவாதம் என்று முணுமுணுக்காமல், எந்த நாளில் லேடி டாக்டர் டியூட்டி என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். 'லாத்தா, வியாழக்கிழமை வாங்க, அவங்க இருப்பாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உட்காருகிற இடமும் முக்கியம். டாக்டருக்கு எதிரே அவள், அவளுக்குக் கொஞ்சம் பின்னால் நீங்கள். நீங்கள் முன்னால் இருந்தால் டாக்டர் உங்களைப் பார்த்துத்தான் கேட்பார். அவர்மேல் குற்றமில்லை, நேரம் மிச்சமாகிறதே என்று நினைப்பார். கேள்வி உங்கள் பக்கம் வந்தால் நீங்கள் அவள் முகத்தைத் திரும்பிப் பாருங்கள். டாக்டர் கண்ணும் அங்கே போய்விடும்.

அவள் மூன்று விஷயம் சொல்ல வந்திருப்பாள். கடைசியாகச் சொல்வதுதான் உண்மையில் அவளைக் கூட்டி வந்தது. முதுகு வலி, கை கால் குடைச்சல் என்று தொடங்கி, எழுந்திருக்கும்போது, கதவுப் பக்கம் போய், 'அப்புறம் டாக்டர்... கீழ ஏதோ இறங்குற மாதிரி...' என்பாள். முந்தின நாளே கேட்டு வைத்திருந்தால், 'அந்த விஷயத்த மொதல்ல சொல்லு' என்று அவள் கையைத் தொட்டுச் சொல்லலாம். துணைக்கு வந்தவள் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

அவள் உடம்பில் காயம், சூடு, அடிபட்ட தடம் தெரிந்தால் புருஷன் முன்னால் கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள். சொல்லாவிட்டால் விடுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மட்டும் மனசில் பதியவையுங்கள், காகிதத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தக் காகிதமே அவளுக்கு அடி வாங்கித் தரலாம்.

சம்மதம் பற்றி ஒரு சேதி. 18 வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்குச் சட்டப்படி அவளுடைய சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்து வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை, 2021 திருத்தத்திலும் இல்லை. ஆனாலும் கேட்பார்கள். 'புருஷன் சௌதியில இருக்காரு' என்றால் வீடியோ காலில் கூப்பிடு என்பார்கள். இப்படி ஒரு முறை, ரத்தப்போக்கு நிற்காமல் வந்த பெண்ணைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, அங்கே வேலை நேரம் முடிந்து புருஷன் போனை எடுக்கும்வரை நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். எடுத்ததும் அந்த மனுஷன், "இதுக்கு ஏன் என்னைக் கேக்குறீங்க, மொதல்ல அவளப் பாருங்க!" என்று கத்தினார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு ரொம்ப மரியாதை வந்தது.

மருந்து கொடுக்கும் ஜன்னல்

இங்கேதான் நிறையத் தப்பு நடக்கிறது. வரிசை நீளம், ஜன்னல் சின்னது, சத்தம் அதிகம். மூன்று மாத்திரை, மூன்று வார்த்தை, அடுத்த ஆள்.

சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கும். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. நமக்குப் பழகிப்போனது. எழுத்துத் தெரியாதவளுக்கு அது ஒரு கோலம். மாத்திரை அட்டையிலேயே சூரியன் ஒன்று, நிலா ஒன்று பேனாவால் வரைந்து கொடுங்கள். சூரியனுக்கு நேராக எத்தனை புள்ளியோ அத்தனை மாத்திரை. நான் இதை ஒரு வயசான நர்சம்மாவிடம் கற்றுக்கொண்டேன். இன்றுவரை இதைவிட நல்ல வழி காணவில்லை.

'சாப்பாட்டுக்கு முன்' என்றால் எந்தச் சாப்பாடு? எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு பதினொரு மணிக்கு முதல் வாய் வைக்கிறவளுக்கு, காலை மாத்திரை பதினொரு மணிக்குத்தான். சில நாள் அதுவும் இல்லை. மாத்திரையை எப்போது போடுவாய் என்று கேட்பதற்கு முன்னால், எப்போது சாப்பிடுவாய் என்று கேளுங்கள். 'வெறும் வயித்துல வாங்க' என்று ரத்தப் பரிசோதனைக்குச் சொன்னாலும் இதே கதைதான். சீனி போட்ட வரக்காப்பி பலருக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. 'காப்பித்தண்ணி கூட இல்ல, பச்சத்தண்ணி மட்டும்' என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். வெள்ளைப்படுதலுக்குப் பிறப்புறுப்புக்குள் வைக்கிற மாத்திரை கொடுப்பார்கள். ஜன்னலில் இருந்தவர் ஆண். குரலைத் தாழ்த்தி, 'ராத்திரி படுக்கும்போது உள்ள வச்சுக்கச் சொல்லுங்க' என்று புருஷனிடம் சொன்னார். புருஷன் வெளியே வந்து மனைவியிடம், 'ராத்திரி ஒண்ணு போடச் சொன்னாங்க' என்றார். மாத்திரை போடு என்றால் நம் பேச்சில் விழுங்கு என்று அர்த்தம். அவள் ஆறு நாள் விழுங்கியிருக்கிறாள். ஏழாம் நாள் என்னிடம் வந்து, 'அக்கா, இந்த மாத்திர தொண்டையில ஒட்டுது, கரையவே மாட்டேங்குது' என்றபோதுதான் தெரிந்தது. கூச்சத்தை நாம் உடைக்காவிட்டால் நோய் உடையாது. 'இது வாயில போடுறது இல்ல, மூத்திரம் போற எடத்துக்குக் கீழ, புள்ள வர்ற வழியில விரலால உள்ள தள்ளி வைக்கணும்' என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பெண் சொல்லட்டும், பெண்ணிடமே சொல்லட்டும்.

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவாள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. டீயோடு சேர்த்துப் போடாதே, சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சம்பழத் தண்ணியோடு போட்டால் நல்லது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதே. வயிறு குமட்டினால் ராத்திரிக்கு மாற்று, நிறுத்தாதே.

காசநோய் மாத்திரை தொடங்கினால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும். சொல்லாமல் விட்டால் ரத்தம் போகிறது என்று பெண்கள் பதறிவிடுவார்கள். அதோடு, அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். மாலா-என் சாப்பிடுகிறவளிடம் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை, ஏனென்றால் காசநோய்ப் பிரிவு ஒரு அறை, குடும்பக்கட்டுப்பாடு இன்னொரு அறை. நீங்கள் இரண்டு அறைக்கும் போகிறவர்கள், கேட்டுவிடுங்கள். வேறு வழி என்ன, எத்தனை நாளைக்கு என்று நர்சம்மா சொல்வார்.

'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள்

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: 'சரிங்க.' இலங்கைப் பெண் 'ஓம்' என்பாள், ஒடிசாப் பெண் தலையை ஆட்டுவாள். புரியவில்லை என்று சொன்னால் தான் மக்கு என்று ஆகிவிடுமே. டாக்டர் நேரத்தை வீணாக்கியதாகவும் ஆகிவிடுமே.

அவள் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். பரீட்சை மாதிரி இல்லாமல், இப்படி: 'வீட்டுக்குப் போனதும் மாமியார் கேப்பாங்கல்ல, டாக்டர் என்ன சொன்னாருன்னு? என்னன்னு சொல்லுவ?' அவள் சொல்லத் தொடங்குவாள். எங்கே தடுமாறுகிறாளோ அங்கே நாம் சரியாகச் சொல்லவில்லை. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம். பிறகு மறுபடி சொல்லச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் வண்டிக்கு நிற்கும்போது இதைச் செய்வது என் வழக்கம்.

கர்ப்பிணியாக இருந்தால் இவற்றை மட்டும் கண்டிப்பாகத் திருப்பிச் சொல்ல வையுங்கள்: ரத்தம் பட்டால், தாங்க முடியாத தலைவலி வந்தால், கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், குழந்தை அசைவு குறைந்தால், நீர் உடைந்தால், வலிப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108. வீட்டில் வேறு யார் இதைச் சொல்ல முடியும் என்று கேட்டு, புருஷனையும் திருப்பிச் சொல்ல வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போனைக் கையில் எடுப்பவர் அவர்தானே.

'மேல எழுதிட்டாங்க'

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். அங்கே மாவட்ட ஆஸ்பத்திரி 2022இலிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அங்கும் முடியாவிட்டால் மதுரை. நம் ஆட்கள் 'மதுரைக்கு எழுதிட்டாங்க' என்றால் பிழைக்கமாட்டார் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஏன் அனுப்புகிறார்கள், அங்கே என்ன இருக்கிறது இங்கே இல்லாதது என்று டாக்டரிடமே ஒரு வரியில் கேட்டு வாங்குங்கள். அனுப்பும் சீட்டில் என்ன மருந்து ஏற்கனவே கொடுத்தார்கள் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவரை எந்த அம்மாவும் ஆம்புலன்சில் ஏறமாட்டாள். அதற்கு ஏற்பாடு செய்வதும் துணை போகிறவர் வேலைதான்.

ஆண்கள்

பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆண்கள் வேறு மாதிரி ஏமாறுகிறார்கள். நெஞ்சு வலித்தாலும் 'வாயு' என்று சோடா குடித்துவிட்டுக் கடலுக்குப் போவார்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலும் வேலை போய்விடும் என்று மேஸ்திரியிடம் மறைப்பார்கள். மூத்திரக் கோளாறைப் பெண் செவிலியரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டி வைத்தியரிடம் மாதச் சம்பளத்தைக் கொடுப்பார்கள். இவர்களுக்கு ஆண் துணை வேண்டும். தம்பிகளே, இது உங்கள் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சளி எல்லாம் பார்த்து முடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், ஆனால் பகலில் கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வார்கள்? சாயங்காலம் எந்த நேரம் ஆள் இருக்கும் என்று மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலருக்குச் சொல்லி வையுங்கள்.

ஊர் மாறும்போது

கரிமூட்டக் குடும்பம் அடுத்த காட்டுக்குப் போகும். ஒடிசாப் பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவாள், ராமேஸ்வரத்திலிருந்து புவனேஸ்வருக்கு நேரே ரயில் இருக்கிறது. போகக் கூடாது என்று தடுக்க உங்களுக்கு உரிமையில்லை. வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

கர்ப்பிணி என்றால் பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவில், பதிந்தபோது கிடைத்த 12 இலக்க எண். தமிழ்நாட்டில் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண்ணைக் கேட்பார்கள். காசநோய் என்றால் நிக்ஷய் எண், காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவு எண். அது இந்தியா முழுக்க ஒன்றுதான், எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டினாலும் விட்ட இடத்திலிருந்து மருந்தைத் தொடரலாம். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், கடைசி ரத்தப் பரிசோதனை, வழிக்கு வேண்டிய மாத்திரை. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவள் போனிலும் உங்கள் போனிலும். பிறகு எல்லாவற்றையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். கவரின் மேல் உங்கள் நம்பரைப் பெரிதாக எழுதுங்கள். பெயரைத் தமிழில் எழுதி என்ன பயன்? எண்கள் மட்டும் போதும். கவரைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், கையில் எடுத்துப் போகிற சோற்றுப் பையிலேயே இருக்கட்டும்.